பொத்தான் போடாத கோட்டு

தம்பி,

நீ கேட்ட கோட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். லாண்டரியில் கொடுத்து வாங்கினேன். அந்துருண்டை வாசம் முழுசாகப் போகவில்லை. இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ஃபேனுக்குக் கீழே மாட்டி வை. போன வாரம் நீ போனில், "அப்பா, அந்தக் கோட்டு வீட்ல இருக்கா?" என்று கேட்டபோது, "இருக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். வேறு கம்பெனிக்கு மாறப் பார்க்கிறாய், நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், என்ன போட்டுக்கொண்டு போவதென்று குழப்பமாக இருக்கிறது என்றாய். அதற்கும் 'உம்' கொட்டியதோடு சரி. கிட்டத்தட்ட ஒரு வருஷமாக நமக்குள் நடக்கிற பேச்சு இவ்வளவுதான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அங்க மழையா, இல்லை. போனை வைத்துவிட்டு பீரோவைத் திறந்து கோட்டை எடுத்தேன். எடுத்தவன் அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டியது நிறையச் சேர்ந்துவிட்டது. போனில் எனக்கு வராது. பள்ளிக்கூட லேபில் காலமெல்லாம் பாட்டில்களுக்குப் பெயர் எழுதி ஒட்டியவன், எழுத்தில்தான் எனக்குக் கொஞ்சம் வாய் உண்டு. பொறுமையாகப் படி.

உன் அம்மாவுக்குத் துணி என்றால் தனிக்கண் என்பது உனக்குத் தெரியும். நேரு வீதி ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றே பாதி வயதைக் கழித்தவள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்து இது கலப்பு, இது சுத்தம் என்பாள். ஆனால் நான் அவளைப் பெண் பார்க்கப் போன கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. அப்போது என்னிடம் நாலு பேர் முன்னால் போட்டுக்கொண்டு போகிற மாதிரி சட்டை கிடையாது. நண்பன் ஒருவனுடைய சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். முழுக்கை எனக்கு நீளம் பத்தவில்லை, அதனால் முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டேன். காபி கொடுத்தாள், ஒரு பார்வை பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள். கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து, சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "அன்னிக்குப் போட்டுக்கினு வந்தீங்களே, அந்தச் சட்டைய அவருகிட்ட திருப்பிக் குடுத்துட்டீங்களா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியும் என்றேன். "நீங்க மடிச்ச எடத்துக்கு மேல இன்னொரு மடிப்புக் கோடு இருந்திச்சே. அது வேற யாரோ மடிக்கற எடம்." தெரிந்தும் ஏன் சரி என்றாய் என்று கேட்டேன். "என்னப் பாக்க வர்றதுக்காக ஒருத்தர்கிட்ட போயி வாய்விட்டுச் சட்டை கேட்டிருக்கீங்க இல்ல, அதுக்குத்தான்" என்றாள். அன்றைக்கு எனக்கு வெட்கத்தில் சோறு இறங்கவில்லை. இப்போது நினைத்தால் வேறு காரணத்தால் இறங்கவில்லை.

போன வருஷம் உனக்கு அந்தச் சென்னைக் கம்பெனியிலிருந்து அழைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து நம் வீட்டில் நடந்த கூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்துகொண்டிருந்த காலம். நம்மிடம் பேச வேறு விஷயம் இல்லை, பேசவும் தைரியம் இல்லை. அதனால் மூன்று பேரும் உன் உடுப்பைப் பிடித்துக்கொண்டோம். நீ டி-ஷர்ட், ஜீன்ஸ் என்றாய். வீடியோவில் உன்னிடம் பேசிய ஆளே காலரில்லாத பனியன் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார், இந்தக் காலத்தில் இதுதான் வழக்கம் என்று வாதாடினாய். நான், வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், டக் இன் பண்ணி பெல்ட் போடு, அது போதும் என்றேன். அம்மா கோட்டில் நின்றாள். "அந்த ஆளுக்கு வேல இருக்கு, பனியன் போடுவான். ஒனக்கு இன்னும் கெடைக்கல. கெடைச்ச பெறகு நீயும் போட்டுக்க" என்று ஒரே போடாகப் போட்டாள்.

சொன்னதோடு நிற்கிறவளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறாள். நடைபாதையில் குவித்துவைத்திருக்கிற வெளிநாட்டுப் பழைய துணிக்குள் கைவிட்டு, அவளுக்கே உரிய முறையில் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இந்தக் கருநீலக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது. முகம் மட்டும் பளபளவென்று இருந்தது. "தொட்டுப் பாருடா, சுத்தமான கம்பளி. இந்த ஊர்ல எவனும் இந்தத் துணிய நெய்யல" என்றாள். நீ போட்டுப் பார்த்தாய். தோள் கச்சிதம். கைநீளம் கச்சிதம். அவள் உன்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அடுத்த வீட்டு முசியே அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய மனுஷர், வாழ்நாளெல்லாம் கோட்டு போட்டவர், அவர் வாயால் நல்லா இருக்கிறது என்று கேட்க அம்மா ஆசையாக நின்றாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உன் நெஞ்சையே பார்த்தார். கோட்டு அவர் வாயில் எப்போதும் பிரெஞ்சில் வெஸ்துதான். "நல்ல வெஸ்துதான்மா. ஆனா பொத்தான் எடது பக்கம் இருக்கு பாரு. இது பொம்பளைங்க வெஸ்து. யாரோ தாட்டியான வெள்ளக்கார மதாம் ஒருத்தி போட்டது" என்றார்.

இருட்டில் தொட்டாலும் பட்டின் ஜாதியைச் சொல்கிறவள், பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. சேலைக்கு ஏது பொத்தான்? அவள் முகம் விழப்போகிறது என்று நான் பயந்தேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். நீ சிரித்தாய், முசியே சிரித்தார். "பொத்தான் போடாத. தொறந்து வுட்டுக்க. எவனுக்குத் தெரியப்போவுது?" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு அவள் படுக்கையை விட்டு எழுந்தது குறைவு. பெரியாஸ்பத்திரி வார்டில் நீ அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த சாயங்காலம் உனக்கு நினைவிருக்கும். கண்ணைத் திறக்காமலே பேசினாள். "டேய், நான் போயிட்டா மொட்ட கிட்ட போட்டுக்காத. இன்டர்வியூ முடியட்டும். மொட்டத் தலைக்கு கோட்டு நல்லா இருக்காது." நீ எழுந்து வெளியே போய்விட்டாய். நான் அவளைத் திட்டினேன். சாகிறவளைத் திட்டினேன், வேறு என்ன செய்வது? "இன்னா பேச்சு பேசற நீ" என்றேன். "நெசந்தானேங்க. அவனுக்கு மண்ட கொஞ்சம் நீட்டு" என்றாள். பெற்ற பிள்ளையின் மண்டை வடிவம் வரைக்கும் யோசித்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

மாசிமகம் கழிந்த வாரம் அவள் போய்விட்டாள். கருவடிக்குப்பம் மயானத்தில் உன்னை உட்காரவைத்து, சவரம் செய்கிறவர் தண்ணீர் தெளிக்கப் போனபோது நான் குறுக்கே வந்தேன். அவள் இப்படிச் சொல்லியிருக்கிறாள், சொந்தக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன், ஒரு கீற்று மட்டும் எடுத்துவிட்டுப் போதும் என்று சொல்லலாம் என்று உன் காதில் சொன்னேன். நீ என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எடுங்கண்ணே, மீசையும் சேத்து எடுங்க" என்று அவரிடம் சொன்னாய். முடி உன் மடியில் விழுந்தது. அவள் எண்ணெய் தேய்த்த முடி. அவள் சொன்னது சரிதான், உனக்கு மண்டை கொஞ்சம் நீட்டுத்தான். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கருமாதி முடிந்த கையோடு சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. தள்ளிப்போடச் சொல்லிக் கேள் என்றேன். வேண்டாம் என்றாய். போகிற அன்று காலையில் கட்டிலின்மேல் மூன்று செட் உடுப்பையும் பரப்பிவைத்தாய். டி-ஷர்ட்டைப் போட்டுப் பார்த்தாய். கண்ணெல்லாம் உள்ளே போய், மழித்த தலையோடு, ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்த நோயாளி மாதிரி இருந்தாய். கழற்றினாய். கோட்டைப் போட்டுப் பார்த்தாய். பீரோ கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாய். "நல்லா இல்லப்பா. அம்மா சொன்ன மாதிரியே நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டு, அதை அவள் சேலைகளுக்கு நடுவே மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாய். அப்புறம் அம்மா காரியத்தன்று மாமா வேட்டியோடு சேர்த்து எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டாய். பாகூரிலிருந்து வந்து நமக்குத் துணையாகத் தங்கியிருந்த உன் மாமா பதறினார். "இன்னா மாப்ள, காரியத்துக்கு வச்சுக் குடுத்த சட்டையப் போட்டுக்கினு வேலைக்குப் போறதா? புதுசா ஒண்ணு வாங்கித் தரேன், கழட்டு" என்றார். "இதத்தான் மாமா போட்டுக்குவேன்" என்றாய். இரண்டாம் பேச்சுக்கு இடம் இல்லாத மாதிரி சொன்னாய். இதை நான் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். சாயங்காலம் எல்லாம் மறந்துபோயிற்று.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாய். எப்படி இருந்தது என்றேன். நல்லா போச்சு என்றாய். செருப்பைக் கழற்றிக்கொண்டே, பெரிய விஷயம் இல்லை என்கிற மாதிரி சொன்னாய். "உள்ள போன உடனே, 'திருப்பதியா'ன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்." எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. என்ன பேசினேன் என்று எனக்கும் நினைவிருக்கிறது, உனக்கும் இருக்கும். "பெத்தவளுக்கு எடுத்த மொட்டைய சாமி கணக்குல எழுதிட்டு வந்துட்டியா? லட்டு எங்கடான்னு கேக்கலியா அவன்?" என்றேன். மாமா என் கையைப் பிடித்தார். நான் விடவில்லை. "எங்கம்மா செத்துப்போயிட்டாங்கன்னு சொல்ல வாய் வரலியா? அதைச் சொன்னா வேல குடுக்க மாட்டாங்களா?" என்று கத்தினேன். நீ சட்டையைக் கழற்றி, மடித்து, பையில் வைத்துக்கொண்டாய். வேலை கிடைத்தது. அந்தப் பையோடுதான் போனாய்.

அதற்குப் பிறகு நீ வந்தாய், போனாய். தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, நமக்கு இந்த வருஷம் பண்டிகை எதுவும் இல்லை என்பது நல்லதாகப் போயிற்று. வந்தால் சிரித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவை உன் தலையில் கொஞ்சம் கூடுதலாக முடி வளர்ந்திருப்பதைப் பார்ப்பேன். உள்ளுக்குள் என் கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அவள் போடாதே என்று சொல்லியும் அவளுக்காகப் போட்டுக்கொண்ட மொட்டை. அதை அந்த அறைக்குள் போய் மறைப்பானேன்? கேட்க வாய் வரும், உன் முகத்தைப் பார்த்ததும் போய்விடும். முசியேகூட ஒருநாள், "பையன்கிட்ட பேசுப்பா, உனக்கும் அவன்தான், அவனுக்கும் நீதான்" என்றார். பேசிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று மழுப்பினேன்.

இப்போது எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். நேற்றுமுன்தினம் ஞாயிற்றுக்கிழமை. தெருவில் வண்டியில் மீன் கொண்டுவருகிற ஆள் வரவில்லை. அம்மா படுத்ததிலிருந்து நான் அவரிடம்தான் வாங்குகிறேன். வைத்திக்குப்பத்து மீன் கரை கூப்பிடு தூரம்தான், ஆனாலும் அந்தப் பக்கம் போகவில்லை. அது அவள் இடம். வாரா வாரம் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் போவதும், அங்கே மீன் விற்கிற ஒரு அம்மாவோடு அரைமணி நேரம் பேரம் பேசுகிற சாக்கில் ஊர்க்கதை பேசுவதும், நான் பின்னால் மணலில் கடிகாரம் பார்த்துக்கொண்டு நிற்பதும் உனக்குத் தெரிந்ததுதானே. அன்றைக்குக் கோட்டை லாண்டரியிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தேன், என்னவோ கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. படகெல்லாம் கரையேறிக் கிடந்தது. ஓரமாகப் போய், தெரியாத யாரிடமாவது நாலு மீன் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தம்மா என்னைப் பார்த்துவிட்டார்கள்.

"இன்னாண்ணே! ஒரு வருசமா ஆளயே காணோம். அக்கா எங்க, வரலியா?" என்று அங்கிருந்தே கூவினார்கள். கையில் பிடித்த மீனோடு, வெற்றிலைச் சிரிப்போடு கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, சொல்லத்தான் திறந்தேன். "வீட்ல இருக்காங்க" என்று வந்தது. அதோடு விட்டேனா? "கால்வலி. நடக்க முடியல. அதான் வரல" என்று சேர்த்துச் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, கால்வலியை நானே கொண்டுவந்தேன். "அய்யய்ய, காலா? நிக்கறது நிக்கறது, கடையில நின்னே தேஞ்சிருக்கும் அக்காவுக்கு" என்று சொல்லி, ஒரு கொடுவாத் தலையைத் தேடி எடுத்து என் பையில் போட்டார்கள். "அக்காவுக்கு தலைன்னா உசுரு. கொழம்பு வச்சுக் குடுங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க. கால் சரியான உடனே கூட்டிக்கினு வாங்க" என்றார்கள். சரி என்றேன். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

ஒரு கையில் உன் கோட்டு, ஒரு கையில் மீன் தலை. அந்த மணலிலிருந்து நம் வீட்டு வாசல் வரைக்கும் அவள் உயிரோடு இருந்தாள். எப்படிச் சொல்வது உனக்கு? வீட்டில் இருக்கிறாள், கால் வலிக்கிறது, அவ்வளவுதான். கால்வலி சரியாகிவிடும். தைலம் தேய்த்தால் போதும். போனதும் அந்தம்மா கேட்டதைச் சொல்ல வேண்டும், என்ன சொன்னாள், எவ்வளவு நேரம் பேசினாள் என்று துருவுவாள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தேன். நிஜமாகவே வேகமாக நடந்தேன். முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கம் வந்தபோது எனக்கு மனசு அவ்வளவு லேசாக இருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே போய், போட்டோவுக்கு முன்னால் நின்று, "அந்தம்மா ஒன்னக் கேட்டாங்க" என்று சொல்லிவிட்டு அழுதேன். அவள் போனதிலிருந்து அன்றைக்குத்தான் முழுசாக அழுதேன் என்று நினைக்கிறேன். காரியத்தில் அழுததெல்லாம் நாலு பேர் பார்க்க அழுதது.

அப்போதுதான் நீ எனக்கு விளங்கினாய். திருப்பதிக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்த பிள்ளைக்கு வீட்டில் அம்மா இருக்கிறாள். இன்டர்வியூ எப்படிப் போயிற்று என்று கேட்க வாசலில் நிற்கிறாள். அந்த ஆள் 'திருப்பதியா' என்று கேட்டபோது, இல்லை சார், எங்கம்மா என்று நீ ஆரம்பித்திருந்தால் அவர் முகம் மாறியிருக்கும், தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பார், அப்புறம் கேட்கிற கேள்வியெல்லாம் மெத்தென்று கேட்டிருப்பார். நீ உடைந்திருப்பாய். அவளுக்காகப் போன அந்த இன்டர்வியூவில் ஒரு மணிநேரம் அவளை உயிரோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அதுவும் அவள் காரியத்துச் சட்டையை உடம்பில் போட்டுக்கொண்டு. மாமா கழற்று என்று கெஞ்சியும் கழற்றாத சட்டை. உன் வாய் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வருஷம் முழுக்கப் பொருமினேனே, நீ போட்டுக்கொண்டிருந்ததை ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்தேனா? உன் அம்மாவாக இருந்தால் வாசலில் நீ நுழைந்ததுமே சட்டையைத்தான் பார்த்திருப்பாள். மடிப்பைப் பார்த்தே மனுஷனைப் படித்தவள். எனக்கு அந்தக் கண் இல்லை, தம்பி. உன்னை அன்றைக்கு நோகடித்துவிட்டேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். என்ன போட்டுக்கொண்டு போவது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், சென்னைக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். போகிற இடத்தில் வேலை செய்கிறவர்கள் என்ன போடுகிறார்கள் என்று யாரிடமாவது விசாரித்துக்கொள். அதைவிட ஒரு படி மேலாகப் போட்டுக்கொள், இரண்டு படி வேண்டாம். அவர்கள் டி-ஷர்ட் என்றால் நீ காலர் வைத்த சட்டை. அவர்கள் சட்டை என்றால் அதன்மேல் இந்தக் கோட்டு. டை வேண்டாம், உனக்குக் கழுத்து வேர்க்கும். ஷூவை முந்தின நாளே துடைத்து வை, காலையில் துடைத்தால் கையில் கறுப்பு ஒட்டி, அது சட்டையில் ஒட்டும். உட்கார்ந்து பார்த்து, கையைத் தூக்கிப் பார்த்து, எங்கேயும் இழுக்காத உடுப்பாகப் போடு. எதிரே உட்காருகிறவர் உன் துணியின் விலையைப் பார்க்க மாட்டார். நம்மைப் பார்க்க வருவதற்காக இவன் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கிறான் என்று தெரிந்தால் போதும். கடன் வாங்கின சட்டையில் அந்த மெனக்கெடலைத்தான் அவள் பார்த்தாள், அதனால்தான் நீ பிறந்தாய். இவ்வளவுதான் உடுப்பைப் பற்றி உன் அப்பனுக்குத் தெரிந்தது.

பொத்தானை வலது பக்கம் மாற்றித் தைக்க முடியுமா என்று டெய்லரிடம் கேட்டுப் பார்த்தேன். காஜா ஓட்டை தெரியும், துணி வீணாகும் என்றார். அப்படியே விட்டுவிட்டேன். அவள் சொன்ன மாதிரி திறந்து விட்டுக்கொள். இந்தத் தடவை உனக்குத் தலை நிறைய முடி இருக்கிறது, நல்லா இருக்கும். போட்டுக்கொண்டு போகக் கேட்டாயா, பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கேட்டாயா என்று எனக்குத் தெரியாது. அதை நான் கேட்கவும் மாட்டேன். இரண்டாவதாக இருந்தால் அந்துருண்டை போட்டு வை, கம்பளியைப் பூச்சி அரிக்கும்.

அவள் தலை திவசம் மாசிமகத்துக்குப் பிறகு வருகிறது, ஐயர் நாள் குறித்துச் சொன்னதும் போன் பண்ணுகிறேன். முந்தின நாளே வந்துவிடு. லீவு கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள், உனக்கு என்ன சொல்ல வருகிறதோ அதைச் சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மாமாவும் வருவார். முசியே உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. காலையில் என்னோடு வைத்திக்குப்பம் வரை வர வேண்டும். அந்தம்மா என்னைப் பார்த்ததும் அக்காவுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். அந்தக் கொடுவாத் தலையைக் குழம்பு வைத்தேன், தம்பி. இரண்டு தட்டுப் போட்டுவிட்டேன். இனிமேல் அந்தம்மாவிடம் பொய் சொல்லக் கூடாது, உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வராது. நீ சொல்லு. நான் உன் பக்கத்தில் நிற்கிறேன். உனக்கும் வரவில்லை என்றால் பரவாயில்லை, இன்னும் கால்வலி போகவில்லை என்று சொல்லிவிட்டு இரண்டு பேருமாக வீட்டுக்கு வந்துவிடுவோம்.

அப்பா